கேப்டனின் நோயும் கருணாபுரத்தின் கேள்வியும்

‘கேப்டன்’ விஜயகாந்த் மதுரைக்காரர், வாழ்ந்ததும் இறந்ததும் சென்னையில். ஆனாலும் 2023 டிசம்பர் 28 காலை அவருடைய இறப்புச் செய்தி வந்தபோது, அந்தத் துக்கத்தில் தனக்கும் பங்கு உண்டென்று சொல்லிக்கொள்ள ரிஷிவந்தியத்துக்கு உரிமை இருந்தது. 2011 முதல் 2016 வரை அவர் சட்டமன்றத்தில் இருந்தது அந்தத் தொகுதியின் உறுப்பினராக. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் அந்த ஊர்களின் வாக்கில்தான் நின்றது. 2016இல் அவர் கடைசியாகப் போட்டியிட்டுத் தோற்ற உளுந்தூர்பேட்டையும் அதே வட்டாரம். இரண்டும் அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தன. 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. தங்கள் ஊரைச் சேராத ஒரு நடிகரைத் தங்கள் பேராளராக அனுப்பிய மக்கள், அவர் பத்தாண்டுக் காலம் கண்ணெதிரே தளர்ந்துபோனதைப் பார்த்தார்கள். என்ன நோய் என்பதை முழுதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

இறக்கும்போது அவருக்கு 71 வயது. இளவயது மரணம் அல்ல. ஆனால் ரசிகர்கள் இழந்தது 71 வயதுக்காரரை அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். திரையில் அவருடைய முதலீடு குரல்தான். ‘ரமணா’வில் நீளமான வசனத்தை மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் அழுத்தி நிறுத்துகிற அந்தக் குரல். கதாநாயகனாக அவர் கடைசியாக நடித்த ‘விருதகிரி’ 2010இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேடையில் அந்தக் குரல் குழறத் தொடங்கியது. பிறகு பேச்சே அருகிப்போனது. அறுபதை ஒட்டிய வயதிலேயே அவர்கள் நேசித்த மனிதர் பாதி போய்விட்டார். தகவல் துண்டு துண்டாகத்தான் வந்தது. வெளிநாட்டில் சிகிச்சை என்றார்கள். 2020இல் கொரோனா என்றார்கள். 2022 ஜூனில், நெடுநாள் சர்க்கரை நோயால் கால்விரல் அகற்றப்பட்டதாக அவருடைய கட்சி அறிவித்தது. 2023 நவம்பரில் மீண்டும் மருத்துவமனை; டிசம்பர் 14 பொதுக்குழுவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார்; இரண்டே வாரத்தில் நிமோனியா, செயற்கை சுவாசம், மரணம். இந்தத் துண்டுகளுக்கு இடையே என்ன நடந்தது என்பதைக் குடும்பம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அது தவறு என்று சொல்பவர்கள் முன்வைக்கும் முதல் காரணம் அன்பு. உயிரையே வைத்திருந்த ரசிகனுக்கு உண்மை தெரியக் கூடாதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் உண்மையான வலி இருக்கிறது. ஆனால் அன்பிலிருந்து இப்படியொரு உரிமை பிறக்காது என்பது என் வாதம். ஒருவரின் நோய் என்ன என்று கேட்கும் உரிமை, அந்த நோயாலோ அதைப் பற்றிய மௌனத்தாலோ இன்னொருவருக்குத் தீங்கு வரும் இடத்தில்தான் பிறக்கிறது. அங்கே அதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். மற்ற இடங்களில் நோயாளி சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் துக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

துக்கத்துக்குக் குறையில்லை என்பதற்குச் சான்று இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை, அதன் உச்சியில் ஒரு சிறு கோயில். ஊர்க்காரர்கள் கபிலர் குன்று என்கிறார்கள். நண்பன் பாரி மாண்டபின், அவன் மகளிரைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் அது என்பது மரபு. வடக்கிருந்தார் என்றும் சொல்வார்கள். அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு அவர் தீயில் புகுந்ததாகச் சொல்கிறது. தமிழில் ஒருவரின் சாவுக்காக இன்னொருவர் பட்ட துயரத்துக்கு இதைவிடப் பழைய நினைவிடம் அதிகம் இல்லை. அந்தத் துயரம் பாட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால், புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்கள் இறந்தவன் எப்படி இறந்தான் என்பதில் பெரும்பாலும் நிற்பதில்லை. அவன் இருந்தபோது யார் யாருக்கு என்ன கிடைத்தது, இனி யாருக்கு எது கிடைக்காது என்பதில்தான் நிற்கின்றன. பாரி வீட்டில் வந்தவர்க்கெல்லாம் குறையாமல் கிடைத்த சோறு அந்தப் பாடல்களில் வருகிறது; அவன் உடம்பில் பட்ட காயம் வருவதில்லை. இன்று கிராமத்து இழவு வீட்டில் பாடும் ஒப்பாரியும் ஏறக்குறைய அதே வழிதான். அது கணக்கெடுப்பது இறந்தவர் கொடுத்ததை.

விஜயகாந்துக்கு நடந்த துக்கமும் அப்படியே இருந்தது. சென்னை தீவுத்திடலில் உடல் வைக்கப்பட்ட அன்றும் அதற்குப் பின்னும் மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது சாப்பாட்டைப் பற்றி. படப்பிடிப்பில் நடிகனுக்கு ஒரு சாப்பாடு, லைட்மேனுக்கு ஒரு சாப்பாடு என்றிருந்த வழக்கத்தை மாற்றி எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட வைத்தவர் என்பது. வாய்ப்புத் தேடி அலைந்த உதவி இயக்குநர்களுக்கு அவர் அலுவலகத்தில் எந்த நேரமும் சோறு கிடைத்தது என்பது. நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது நட்சத்திரங்களை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அழைத்துப்போய்க் கலைவிழா நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தது. கோயம்பேட்டில் அவர் நினைவிடத்தில் இன்றும் அன்னதானம் நடக்கிறது. அவருடைய நோயின் பெயர் தெரியாததால் இந்த நினைவில் எந்த வரி விடுபட்டது? 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ படத்தில் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலித்தபோது திரையரங்குகளில் எழுந்த கூச்சலும், அதே மாதம் வந்த ‘தி கோட்’ படத்தில் செயற்கை நுண்ணறிவால் அவர் முகத்தைக் கொண்டுவந்தபோது எழுந்த கூச்சலும் ஒன்றைக் காட்டுகின்றன. திரும்ப அழைக்கப்பட்டது பழைய கேப்டன் முகம். சக்கர நாற்காலியில் இருந்த முகத்தை யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மௌனத்தின் இடத்தை வதந்தி நிரப்பியது; குரல் குழறியதையும் நடை தள்ளாடியதையும் குடி என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் கேலி செய்தார்கள்; அந்தத் துண்டுக் காட்சிகளை வைத்துச் சிரித்த இளைஞர்கள் பலர் 2023இல் வெட்கப்பட்டு எழுதினார்கள். நோயைத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காதே? நேர்ந்திருக்காது என்று உறுதி சொல்ல நடிகை சாவித்திரியின் கதை இடம் கொடுக்கவில்லை. அவர் நோய் மறைவாக இருக்கவில்லை. சர்க்கரையும் மதுப்பழக்கமும் ஊரறிந்த சங்கதி, 1980இல் நினைவிழந்தார், பல மாதம் அப்படியே கிடந்து 1981 டிசம்பர் 26 அன்று, நாற்பதுகளில், இறந்தார். எல்லாம் தெரிந்ததால் யாரும் இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நடிகைக்கு நேரும் கதிக்கு உதாரணமாக, குடும்பப் பெண்களுக்குப் பாடமாக, அவர் வாழ்வு நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. கேலி செய்பவனுக்குத் தகவல் கிடைக்காததால் கேலி பிறப்பதில்லை. தகவல் கிடைத்தால் அவன் அதையே கருவியாக்குவான். விஜயகாந்தைப் பற்றிய கேலிக்குப் பொறுப்பு கேலி செய்தவர்களுடையது. வாயை மூடிக்கொண்டிருந்த குடும்பத்தின் தலையில் அதை ஏற்றுவது முறையல்ல.

சாவித்திரியின் பக்கத்தில் ஸ்ரீவித்யாவை வைத்துப் பார்க்கலாம். எம்.எல்.வசந்தகுமாரியின் மகள், ‘அபூர்வ ராகங்க’ளின் நாயகி, பிற்காலத்தில் மலையாளத் திரையுலகின் பேரன்பைப் பெற்றவர். புற்றுநோய் வந்தபோது விவரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டார். தளர்ந்த உடலை உலகம் பார்ப்பதை விரும்பவில்லை. கடைசிக் காலத்தில் அவரைச் சந்தித்தவர்கள் மிகச் சிலர், கமல்ஹாசன் அவர்களில் ஒருவர். 2006 அக்டோபர் 19 அன்று திருவனந்தபுரத்தில் 53 வயதில் இறந்தார். கேரள அரசு மரியாதையோடு அனுப்பிவைத்தது. அவர் மறைத்ததால் யாருக்கும் ஒரு துரும்பளவு கெடுதல் நேரவில்லை. தன் முகம் எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை முகத்தை வைத்தே பிழைத்தவருக்கு இல்லையென்றால், வேறு யாருக்கு உண்டு?

மறைக்காமல் சொன்னால் பிறர் உயிர் பிழைக்குமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் இதற்கு நல்ல சோதனை. 2016இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் இருப்பது தெரிந்தது. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ‘பிளாக் பேந்தர்’ உட்பட அடுத்த நான்கு ஆண்டுகளின் படங்களை அறுவைச் சிகிச்சைகளுக்கும் கீமோதெரபிக்கும் நடுவே முடித்தார். 2020 ஆகஸ்ட் 28 அன்று 43 வயதில் அவர் இறந்தபோதுதான் குடும்ப அறிக்கையில் உலகம் அதைப் படித்தது. கறுப்பின அமெரிக்கர்களிடையே இந்தப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது, கூடுதலாகக் கொல்கிறது. முன்பே சொல்லியிருந்தால் எத்தனை பேர் சோதனைக்குப் போயிருப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பாடம் அவர் சாவுக்குப் பின்பும் சென்று சேர்ந்தது. இளவயதுப் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித் தொடங்குகிறார்கள். சோதனையை 50 வயதில் அல்ல, 45இலேயே தொடங்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இலேயே பரிந்துரைத்துவிட்டது. அரசு சார்ந்த வல்லுநர் குழு 2021இல் அதை ஏற்றது. இரண்டும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்து எடுத்த முடிவுகள். மருத்துவத் துறை செய்ய வேண்டிய விழிப்பூட்டலை ஒரு நோயாளியின் தலையில் கடமையாக ஏற்ற முடியாது. விரும்பிச் சொன்னால் அது கொடை; சொல்லாவிட்டால் பாக்கி அல்ல.

ஆனால் விஜயகாந்த் வெறும் நடிகர் அல்ல. ரிஷிவந்தியத்தின் வாக்காளர் என்ற முறையில் ஒருவர் கேட்டிருந்தால், அங்கே என் வாதம் ஒரு படி இறங்கித்தான் ஆக வேண்டும். இதற்குச் சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டில் பிறந்த வழக்கில். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், தன்னைத் தனியே விட்டுவிடக் கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. அதோடு, பொதுப் பதவியில் இருப்பவர் தம் பதவிக் கடமை சார்ந்த செயல்களில் அந்த உரிமையைக் கவசமாகப் பிடிக்க முடியாது என்றும் சொன்னது. நோய்க்கு இதைப் பொருத்தினால் விடை தெளிவாகவே கிடைக்கிறது. வாக்காளருக்குத் தெரிய வேண்டியது, அவரால் வேலை செய்ய முடியுமா என்பது. எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பது அல்ல. இந்த இரண்டையும் தமிழ்நாடு இருமுறை குழப்பிக்கொண்டது. 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அவர் நலமாக இருக்கும் படக்காட்சி இங்கே ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. 2016இல் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தார். முதல்வர் கோப்பு பார்க்கிறாரா, முடிவெடுக்கிறாரா என்பதற்கு நம்பத்தக்க பதில் வரவில்லை. அதன் விளைவாக ஒரு விசாரணை ஆணையம், 2022 வரை நீண்ட சந்தேகம், இன்றும் தீராத வதந்தி. அங்கே மௌனத்தால் தீங்கு நேர்ந்தது. ஆள்வது யார் என்பதே மக்களுக்குத் தெரியாமல் போனது. விஜயகாந்த் ரிஷிவந்தியத்தின் உறுப்பினராக இருந்த ஐந்தாண்டுக்கும், முதல்வர் வேட்பாளராக நின்ற 2016க்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ஆனால் அவர் மேடையில் எப்படிப் பேசினார், எப்படி நின்றார் என்பதை உளுந்தூர்பேட்டை நேரில் பார்த்துத்தான் வாக்களித்தது. அதற்குப் பின் அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை. 2016க்குப் பிந்தைய ஏழாண்டு நோய் முழுக்க அவருடையது.

இந்த மாவட்டத்தை வைத்து எழுதும் யாரும் தாண்டிப்போக முடியாத மறுப்பு வேறொன்று. அவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூன் 19 அன்று முதல் சாவுகள் வந்தபோது, அவை சாராயச் சாவுகள் அல்ல என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. வேறு உடற்கோளாறுகளைக் காரணமாகச் சொன்னது. இழவுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாக அப்போது செய்திகள் வந்தன. மெத்தனாலின் குணத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த மறுப்பின் கனம் விளங்கும். குடித்தவுடன் அது கொல்வதில்லை. ஈரலில் மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறி, பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று தொடங்குகிறது. அந்த இடைவெளிக்குள் மருத்துவமனைக்குப் போனால் மாற்று மருந்தும் டயாலிசிசும் பலரைக் காப்பாற்றும். காரணத்தின் பெயரை உரக்கச் சொல்வதே அங்கே சிகிச்சையின் முதல் படி. குடித்தது தெரிந்தால் அவமானம் என்று வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தவனை அந்தப் பெயர்தான் எழுப்பி ஆம்புலன்சில் ஏற்ற முடியும். இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, சாவின் காரணத்தை மறைக்க ஒருவருக்கு உரிமை உண்டென்று எப்படிச் சொல்வது?

கருணாபுரம் என் வாதத்தை முறிக்கவில்லை. அதன் மறுபாதியைக் காட்டுகிறது. அங்கே மறைத்தது நோயாளி அல்ல. சொல்லக் கடமைப்பட்ட நிர்வாகம். மறைக்கப்பட்டது ஒருவரின் சொந்த உடல் ரகசியமும் அல்ல. அடுத்த வீட்டுப் பாக்கெட்டில் காத்திருந்த விஷம். மருத்துவ நெறியும் நீதிமன்றமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகின்றன. எச்.ஐ.வி. தொற்று உள்ளவரின் திருமணம் பற்றிய வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான், ஆனால் இன்னொருவர் உயிர் அதனால் ஆபத்தில் இருந்தால் அது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 ஒழுக்க விதிகளும் அதையே சொல்கின்றன. ஸ்ரீவித்யாவின் புற்றுநோய் யாருக்கும் தொற்றவில்லை. கேப்டனின் சர்க்கரை அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. மெத்தனால் போனது. ஆனால் நம் ஊடகங்களும் நாமும் நேர்மாறாக நடந்துகொள்கிறோம். நடிகரின் படுக்கை அருகே கேமரா எட்டிப்பார்க்கிறது. சாதாரண மனிதனின் இறப்புப் பதிவில் ‘வயிற்றுவலி’ என்று எழுதினால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிடக் கூர்மையாக யோசித்திருக்கிறது. இறப்பின் காரணம் பதிவேட்டில் ஏற வேண்டும் என்கிறது; ஆனால் அந்தப் பதிவேட்டிலிருந்து யாருக்கும் கொடுக்கும் சான்றில் காரணம் இருக்கக் கூடாது என்று 17ஆம் பிரிவு தடுக்கிறது. அரசுக்கு எண்ணிக்கை வேண்டும், எந்த ஊரில் எந்த நோய் என்று தெரிய வேண்டும். அண்டை வீட்டாருக்கு அது தெரிய வேண்டியதில்லை. 2023இல் வந்த திருத்தம், மருத்துவமனைகள் காரணச் சான்றைப் பதிவாளருக்கும் நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்றது. பொதுமக்களுக்கு என்று சொல்லவில்லை. நான் மேலே வாதாடியதெல்லாம் அரை நூற்றாண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. காரணத்தை முதலில் யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான்.

கல்வராயன் மலைக்குப் போனால் அந்த எண்ணின் பொருள் விளங்கும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் அங்கே தாமதமாகத்தான் ஏறின. சாராய ஊறலை அழிக்கப் போலீஸ் போகும் செய்தி அடிக்கடி வரும். வண்டி போகாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வரும் செய்தியும் வரும். கருணாபுரச் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் அடிப்படை வசதிகளைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட இடத்தில் வீட்டில் இறக்கும் பெண்ணுக்கு நோயை மறைக்கும் உரிமையும் இல்லை, சொல்லும் உரிமையும் இல்லை. அவருக்கே அது தெரியாது. விஜயகாந்தின் குடும்பம் சொல்லாமல் விட்டது, மருத்துவர்கள் கண்டறிந்து சொல்லியிருந்த ஒன்றை. மலையில் மறைக்கவும் ஒன்றும் இருப்பதில்லை. மறைப்பதை நட்சத்திரங்களின் சலுகை என்று கோபப்படுபவர்களுக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து, நட்சத்திரத்தின் கோப்பைப் பிடுங்கிப் படிப்பது அல்ல. வீட்டில் நேரும் இறப்புக்கென்றே தனி மருத்துவச் சான்றுப் படிவம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஊர்களில் அதை நிரப்பக்கூடிய மருத்துவர் ஒருவர் இறந்தவரை உயிரோடிருக்கும்போதே ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். அந்தப் படிவங்கள் எத்தனை நிரம்புகின்றன என்று மாவட்ட நிர்வாகத்தை ஆண்டுதோறும் கேட்க ரிஷிவந்தியத்துக்கும் பக்கத்திலுள்ள சங்கராபுரத்துக்கும் முழு உரிமை இருக்கிறது.